தொண்ணூறு நிமிடத் தூரம்

திருச்சி விமான நிலைய நிறுத்தத்தில் ஏறும்போது புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார இடம் இருந்ததே இல்லை. திருச்சியிலேயே எல்லா இருக்கையும் நிரம்பிவிடும். இலக்கியா சக்கரப் பெட்டியை இரண்டு கால்களுக்கு நடுவே நிறுத்தி, மேல்கம்பியைப் பிடித்த கையில் நெற்றியைச் சாய்த்துக் கண்களை மூடினாள். நின்றபடி தூங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. முழங்காலை விறைப்பாக வைக்கக் கூடாது. பெட்டியைத் தொடைகளால் இறுக்கிக்கொள்ள வேண்டும். வேகத்தடைகளுக்காக மட்டும் உடம்பின் ஏதோ ஒரு மூலை விழித்திருக்க வேண்டும். ஆறு வருடத்தில் அவள் அந்த மூலையைப் பழக்கி வைத்திருந்தாள்.

"என்ன மேடம், இன்னைக்கு நீங்க ஓட்டிட்டு வந்தீங்களா, ஒக்காந்து வந்தீங்களா?" கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினார். விமான நிலையக் கழிவறையில் சீருடையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டாலும், கறுப்பு ஷூவும் இறுக்கிக் கட்டிய கொண்டையும் அவளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

"ஒக்காந்துதாண்ணே வந்தேன்."

"அதான் இப்படிச் சொக்குறீங்க. ஓட்டுறவனுக்குத் தூக்கமே வராது, நம்ம டிரைவரப் பாருங்க."

டிரைவர் கண்ணாடியில் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். முன்சீட்டில் யாரோ சிரித்தார்கள். இலக்கியாவும் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானி. பேஸ் சென்னை. அதாவது அவளுடைய வேலை தொடங்குவதும் முடிவதும் சென்னையில். வீடு புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில். கணவன் அறிவுச்செல்வன் கறம்பக்குடிப் பக்கம் அரசு கால்நடை மருத்துவர். மகள் யாழினி இரண்டாம் வகுப்பு. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே அவள் தன் நிறுவனத்தின் விமானங்களில் காலியாக இருக்கும் இருக்கையில் வந்து போனாள். இருக்கை காலியாக இல்லாவிட்டால் பஸ். பல்லாவரத்தில் ஐந்து பெண் விமானிகள் சேர்ந்து எடுத்த ஓர் அறை இருந்தது. மூன்று கட்டில். யார் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் அவரவர் போர்வையைப் பெட்டியிலேயே வைத்திருந்தார்கள். அலுவலகப் பதிவேட்டில் அந்த அறையின் முகவரிதான் அவள் வீடு.

நேற்றிரவு கடைசி விமானத்தை இறக்கிவிட்டு அந்த அறையில் மூன்று மணி நேரம் படுத்தாள். நாளை காலை ஐந்து ஐம்பதுக்கு அடுத்த விமானம். காகிதத்தில் அவளுக்கு முப்பது மணி நேர ஓய்வு. அதில் பாதி பஸ்ஸிலும் விமான நிலைய நாற்காலிகளிலும் போவது காகிதத்துக்குத் தெரியாது. இன்று மாலை விமானத்திலேயே திரும்பியாக வேண்டும். வந்திருக்கவே வேண்டாம்தான். ஆனால் போனில் பேச முடியாத ஒன்றைப் பேச வேண்டியிருந்தது.

நான்கு நாட்களுக்கு முன்னால் ஒரு மெயில் வந்திருந்தது. கேப்டன் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆறு வருடமாகக் காத்திருந்த மெயில். கீழே ஓர் உறுதிமொழிப் படிவம்: பேஸ் விமான நிலையத்திலிருந்து தொண்ணூறு நிமிடத் தூரத்துக்குள் குடியிருக்கிறேன், பயிற்சிக்குப் பிறகும் அப்படியே குடியிருப்பேன். பக்கத்தில் ஒரு சிறிய கட்டம். அதில் டிக் செய்து இன்று மாலை மூன்று மணிக்குள் அனுப்பாவிட்டால் வாய்ப்பு வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

"போட்டு அனுப்பு," என்று அறிவு நேற்றுப் போனில் சொன்னான். "எவன் வந்து பாக்கப் போறான்? அதான் பல்லாவரத்து அட்ரஸ் இருக்குல்ல. கேப்டன் ஆயிட்டு இப்ப மாதிரியே வந்து போ."

"நீங்க டிரான்ஸ்பர் கேட்டா?"

"கேட்டுட்டு? மெட்ராஸ்ல நாய்க்கு ஊசி போடவா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சொல்ல வேண்டியது அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நின்றுவிட்டது.

சொல்ல வேண்டியது ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதற்கு முந்தைய நாள் திருச்சியில் எந்த விமானத்திலும் இடம் கிடைக்கவில்லை. பஸ் பிடித்து ஏழு மணி நேரம் உட்கார்ந்து, பல்லாவரத்தில் கட்டில் காலியில்லாமல் தரையில் படுத்து, விடியும் முன்பே எழுந்து வேலைக்குப் போனாள். சென்னைக்குத் திரும்பி வரும்போது விமானம் அவள் கையில் இருந்தது. ஏழாயிரம் அடிக்கு இறங்கலாம் என்று தரையிலிருந்து சொன்னார்கள். பக்கத்தில் இருந்த கேப்டன் ராஜா முகமது ஏழாயிரம் என்று திருப்பிச் சொன்னார். அது அவள் காதிலும் விழுந்தது. உயரம் குறிக்கும் குமிழில் அவள் விரல்கள் ஐந்தாயிரத்தைத் திருகி வைத்தன. "ஏழு," என்றார் கேப்டன், குரலை உயர்த்தாமல். அவள் மாற்றினாள். மொத்தம் நான்கு விநாடி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எந்தத் தாளிலும் அது ஏறவில்லை. இன்னொருவர் பார்ப்பதற்காகத்தான் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இத நான் எறக்குறேன்," என்றார் அவர் கொஞ்ச நேரம் கழித்து. இறக்கினார். பயணிகள் எல்லோரும் போன பிறகு, சீட்பெல்ட்டைக் கழற்றாமலே கேட்டார்: "எங்கேருந்தும்மா வர்ற?"

"பல்லாவரம் கேப்டன்."

அவர் தலையை ஆட்டினார். "எனக்கும் ஒங்க புதுக்கோட்டைப் பக்கந்தான். கோட்டைப்பட்டினம். ஊருக்குப் போயி ரெண்டு வருசமாச்சு. எங்க வாப்பா எறந்து மையத்து எடுத்தப்பக்கூடப் பாதி வழியிலதான் இருந்தேன்." பிறகு பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அதை ஏன் சொன்னார் என்று அவள் இந்த மூன்று நாளும் யோசித்துக்கொண்டிருந்தாள். தொலைவில் இருந்து வருகிறவளைக் கண்டிக்கிறாரா, பக்கத்தில் குடிவந்த தன்னை நொந்துகொள்கிறாரா என்று பிடிபடவில்லை.

திருக்கோகர்ணத்தில் இறங்கி வீட்டுக்குப் போனபோது பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ரம்லத் பீவி சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். "பாப்பா வேன்ல போயிருச்சு. தம்பி விடியக்காலையிலயே கெளம்பிருச்சு, கறம்பக்குடி போற வழியில ஜல்லிக்கட்டு டூட்டியாம்." சாவியைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள். "எங்க வீட்டு ஆளு துபாய்ல இருந்து ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாராரு. நீ வாரத்துக்கு ரெண்டு தடவ வாரே. ஆனா ஒன்னயப் பாத்தாத்தான் ரொம்பத் தொலவுல இருந்து வந்த மாதிரி இருக்கு புள்ள. ஒரு டீ போடவா?"

"வேணாம் அக்கா. போயி அவரப் பாத்துட்டு வந்துர்றேன்."

வீட்டுக்குள் யாழினியின் தட்டில் பாதி இட்லி காய்ந்து கிடந்தது. ஃபிரிட்ஜ் கதவில் அவள் வரைந்த படம். வீடு, அப்பா, மாடு. மேலே மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு விமானம், அதன் சன்னலில் ஒரு புள்ளி. இலக்கியா ஒவ்வொரு முறை வீட்டுக்குள் நுழையும்போதும் யாழினி ஓடிவந்து முதலில் கேட்பது, "எப்பம்மா போவீங்க?" என்றுதான். குழந்தை அதை வருத்தமாகக்கூடக் கேட்பதில்லை. பள்ளிக்கூட வேன் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்பாள். நான்கு மணிக்கு அவள் வருவாள். நாலரைக்கு இலக்கியா கிளம்ப வேண்டும்.

அறிவுக்கு நான்கு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினாள். ஆலங்குடி வழியாகக் கறம்பக்குடி போகும் பஸ்ஸில் சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கிடைத்ததும் தூக்கம் போய்விட்டது. தைல மரக் காடும் பலா மரங்களும் வெயிலில் பின்னால் போயின. தூக்கம் ஓர் ஊராக இருந்தால் அங்கே எந்த பஸ் போகும், எங்கே இறங்கி மாற வேண்டும் என்று யோசித்தாள். அந்த ஊருக்கு எத்தனை நிமிடத் தூரத்தில் குடியிருந்தால் போதும்.

கறம்பக்குடிக்கு முன்பே ஒரு கிராமத்தில், தென்னந்தோப்பை ஒட்டி ஜல்லிக்கட்டு. பஸ்ஸை ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். சாலையின் இரண்டு பக்கமும் மாடு ஏற்றி வந்த வண்டிகள். மைக்கில் ஒருவர் தொண்டை கட்டிய குரலில் கத்திக்கொண்டிருந்தார்: "மாடு நல்ல மாடு, தொட்டுப் பாரு, ஒரு அண்டா! தொடல, தொடல... மாட்டுக்காரரு வந்து அண்டாவ வாங்கிட்டுப் போப்பா!" வாடிவாசலுக்குப் பின்பக்கம் சவுக்குக் கம்பு கட்டிய நீளமான சந்தில் காளைகள் வரிசையாக நின்றன. வரிசையின் முடிவில் அறிவு. காக்கி மேல்கோட்டில் சாணமும் எச்சிலும் அப்பியிருந்தது. உள்ளே போகும் ஒவ்வொரு மாட்டையும் அவன் பார்த்து அனுப்ப வேண்டும். கண், மூக்கு, மூச்சு, கொம்பு நுனி, சாராயம் ஊற்றியிருக்கிறதா என்ற வாடை. அவன் சொல்வதை உதவியாளர் ஆரோக்கியதாஸ் எழுதிக்கொண்டார்.

இலக்கியாவைப் பார்த்ததும் அவன் புருவம் உயர்ந்தது. இங்கிட்டு நில் என்று கையால் ஓர் ஓரத்தைக் காட்டினான்.

அப்போது வரிசையில் ஒரு செவலைக் காளை வந்தது. கயிற்றைப் பிடித்திருந்தது ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். முந்தானையை இடுப்பில் செருகி, டோக்கனைப் பல்லில் கடித்திருந்தாள்.

"பேரு?"

டோக்கனைக் கையில் எடுத்தாள். "ராக்காயிங்க."

"மாடு எங்கேருந்து வருது?"

"இந்தா, ஆலங்குடிப் பக்கந்தாங்க. காலையில நடத்தியே கூட்டியாந்தோம்."

அறிவு மாட்டின் முன்னால் குனிந்தான். மூக்கில் விரலை வைத்துப் பார்த்தான். கீழ் இமையை இழுத்துப் பார்த்தான். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டான். கிள்ளிய மடிப்பு உடனே படியாமல் கொஞ்ச நேரம் மலைபோல நின்றது. பிறகு உட்கார்ந்து குளம்பைப் பார்த்தான்.

"நடந்து வந்த மாட்டுக்குக் கொளம்புல புழுதி இருக்கணும்லத்தா. இதுல வைக்கலு ஒட்டிக் கெடக்கு. இடுப்புல பாரு, வண்டிப் பலகை ஒரசுன தடம். நேத்து எங்க அவுத்து விட்டே?"

"நேத்தெல்லாம் எங்கயும் இல்லைங்க டாக்டரய்யா. கட்டுத்தறியிலதான் நின்னுச்சு."

"தூங்காத மாடு இது. தண்ணி குடிக்கல. உள்ள விட முடியாது."

"ஒத்த ஓட்டந்தானுங்களே? வாசலத் தாண்டி ஓடிட்டா முடிஞ்சு போச்சு. அது வேலை பாத்த மாடுங்க, அதுக்குத் தெரியும்."

"அது தெரிஞ்சு ஓடும். பாதியில காலு சொல்றபடி கேக்காது. நடுவுல நின்னுருச்சுன்னா முப்பது பேரு மேல விழுவான். குத்திட்டாலும் மாட்டத்தான் சொல்லுவாக."

"டோக்கனுக்கு எம்புட்டு அலைஞ்சேன் தெரியுமா!" ராக்காயியின் குரல் ஏறியது. "மாட்டுக் கண்ணப் பாத்துச் சொல்றீகளே, ஒங்க கண்ணு எப்படி இருக்குன்னு கண்ணாடியில பாத்தீகளா? நீங்க மட்டும் நல்லாத் தூங்கிட்டா வந்தீக?"

பின்னால் நின்ற மாட்டுக்காரர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். ஆரோக்கியதாஸும் பேனாவைக் கடித்துக்கொண்டு சிரித்தார். அறிவு சிரிக்கவில்லை. "நான் ஓடப் போறதில்லத்தா," என்றான். டோக்கனை வாங்கிக் குறுக்கே கோடு போட்டு ஆரோக்கியதாஸிடம் கொடுத்தான். ராக்காயி மண்ணை வாரித் தூற்றுவாள் என்று இலக்கியா எதிர்பார்த்தாள். அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, மாட்டைத் தோப்புப் பக்கம் திருப்பினாள். மாடு திரும்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது.

பதினொன்றரைக்கு மேல் அறிவுக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. துறை ஜீப்பின் நிழலில் இருவரும் நின்றார்கள். அவன் பேப்பர் கப்பில் டீ வாங்கி வந்து நீட்டினான்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? போட்டு அனுப்புன்னுதான சொன்னேன்."

அவள் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். ஏழு, ஐந்து, நான்கு விநாடி. பல்லாவரம் என்று சொன்னது. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்னதாக இருந்ததா என்று அவளுக்கே தோன்றியது.

அறிவின் டீயில் ஆடை படிந்தது. "மூணு நாளா ஏன் சொல்லல?"

"பயப்படுவீங்கன்னு."

"பயப்படத்தான வேணும்?"

மைக்கில் யாரோ ஒருவருக்குக் கட்டில் பரிசு விழுந்தது. அவன் கப்பை ஜீப்பின் மேல் வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றான். பெருவிரலால் அவளுடைய கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தான். விரலில் டெட்டாலும் மாட்டு வாடையும் கலந்து அடித்தன. வேலையில் இருக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவள் இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை.

"உள்ள விடுவீங்களா என்னைய?" என்றாள்.

அவன் விரலை எடுத்தான். தோப்பில் ராக்காயி மாட்டைக் கட்டிக்கொண்டிருந்த திசையைப் பார்த்தான்.

"நேத்து நான் போன்ல சொன்னது..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "அங்க குடி போனா பாப்பா ஒன்கூட வந்துரும். நான் இங்கிட்டுக் கெடப்பேன். அப்ப நான் வந்து போகணும். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

"தெரியும்."

"கேப்டன் வேணாமுன்னு விட்டுட்டா?"

"அப்பவும் இப்படியேதான வந்து போகணும்?"

"டாக்டர்! வரிசை நிக்குது டாக்டர்!" என்று ஆரோக்கியதாஸ் கூப்பிட்டார். அறிவு இரண்டடி போய்த் திரும்பினான். "அந்த டீய ஆறவிடாதே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் டீயைக் குடித்து முடித்தாள். பிறகு பணி ஒதுக்கும் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஃபர்ஹானா எடுத்தாள். இலக்கியா அவளை நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம்.

"நாளைக்குக் காலையில ஃபிளைட்டுக்கு நான் ஃபிட் இல்ல. அலுப்பு. அப்படியே போட்டுக்குங்க."

"காய்ச்சல்னு போட்டுரவா மேம்? ஃபெட்டீக்னா நிறையக் கேள்வி கேப்பாங்க."

"இல்ல, அலுப்புன்னே போடுங்க."

"ஓகே மேம். இப்ப எங்க இருக்கீங்க?"

பல்லாவரம் என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அது ஆறு வருடமாக அங்கேதான் குடியிருந்தது.

"கறம்பக்குடி பக்கத்துல."

"அது சென்னையில எங்க மேம் வருது?"

"சென்னையில இல்ல. புதுக்கோட்டை மாவட்டம். என் வீடு இங்கதான்."

மறுமுனையில் கீபோர்டு சத்தம் நின்றது. ஃபர்ஹானா குரலைத் தாழ்த்தினாள். "மேம், கேப்டன் அப்கிரேடு லிஸ்ட்ல ஒங்க பேரு இருக்கு. இத நான் நோட் பண்ணட்டுமா? வேணாம்னா விட்டுர்றேன்."

வாடிவாசல் பக்கம் ஒரே கூச்சல். இலக்கியா அது அடங்கும் வரை காத்திருந்தாள். அடங்கவில்லை.

"நோட் பண்ணுங்க," என்றாள்.

போனை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். வானத்திலிருந்து பார்த்தால் இந்தத் தோப்பு எப்படித் தெரியும் என்று நினைத்தாள். பத்தாயிரம் அடியில் ஒரு கைக்குட்டை. முப்பதாயிரத்தில் ஒன்றும் தெரியாது. ஜீப்பின் பின்சீட்டில் மருந்துப் பெட்டிகள் இருந்தன, படுக்க இடமில்லை. நிழலைத் தேடி நடந்தவள் செவலைக் காளை கட்டியிருந்த தென்னைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். ராக்காயி ஒரு நீலத் தார்ப்பாயில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலைக்கு நரம்பு கிழித்துக்கொண்டிருந்தாள். மாட்டுக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீர், தொடப்படாமல்.

"நீ யாரு மாட்டோட வந்தே தாயி?"

"மாட்டோட வரல ஆத்தா. டாக்டரு வீட்டுக்காரி."

ராக்காயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தாளு சம்சாரமா நீயி? அப்ப ஒன்னயும் வேணாமுன்னு வெளிய தள்ளிட்டாரா?"

இலக்கியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. "ஆமாத்தா," என்றாள்.

ராக்காயி நகர்ந்து இடம் விட்டாள். "படு. மூஞ்சியப் பாத்தா மூணு நாளுச் சோறு திங்காத மாதிரி இருக்கு." வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு தணிந்த குரலில், மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மணப்பாறப் பக்கம் நேத்து அவுத்து விட்டோம். சாயங்காலம் வண்டியில ஏத்துனது. ராப்பூராவும் நின்னுக்கிட்டேதான் வந்துச்சு. இதுக்குப் புது எடமுன்னா படுக்கவே படுக்காது. பொறப்பு அப்படி. அவருக்கு எப்படித்தான் தெரிஞ்சுச்சோ."

இலக்கியா ஷூவைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். தார்ப்பாய்க்குக் கீழே மண் சூடாக இருந்தது. போனைத் திறந்தாள். படிவம் அப்படியே இருந்தது. தொண்ணூறு நிமிடம், காலிக் கட்டம். மணி பன்னிரண்டு பத்து. மூன்று மணிக்கு முன்னால் எழுப்பச் சொல்லலாமா என்று யோசித்தாள். நான்கு மணிக்கு யாழினி வேனை விட்டு இறங்குவாள். எப்பம்மா போவீங்க என்று கேட்பாள். அதற்கு இன்றைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இன்று போகவில்லை என்று சொல்லலாம். அதுவே ஒரு பதில்தான். போனை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

தலைக்கு அந்தப் பக்கம் காளையின் கால்கள் நான்கு தூண்களைப் போல நின்றன. முன்னங்கால் ஒன்று லேசாக நடுங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மைக் கத்தியது. கூட்டம் கத்தியது. பிறகு முதலில் ஒரு முன்னங்கால் மடங்கியது, அதன் பின் மற்றொன்று. பின்பாகம் ஒரு கணம் அந்தரத்தில் தயங்கிற்று. ஒரு பெரிய மூட்டையை மெதுவாக இறக்கி வைப்பதைப் போல, நீளமான மூச்சோடு, மாடு தரைக்கு வந்தது. ராக்காயி வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். யாரும் அசையக் கூடாது என்பது போல இலக்கியாவின் பக்கம் ஒரு கையை நீட்டினாள்.

வாடிவாசலில் அடுத்த மாட்டை அவிழ்த்து விட்டார்கள். அந்தச் சத்தத்துக்குச் செவலையின் ஒரு காது மட்டும் அங்கிட்டுத் திரும்பியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மெல்லத் தொங்கியது.